பதினேழாவது மாடியும் மூன்றாவது லயமும்

"கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கிடுச்சு நேயர்களே, பொறுமையா போங்க!" காலையில் வானொலியில் சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்வது என் வேலை. பத்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் நானும் அதே நெரிசலில்தான் நிற்பேன். எனக்குப் பொறுமை சொல்லத்தான் ஆள் இருக்காது.

கோலாலம்பூர் வாழ்க்கையைக் குறை சொல்ல ஆரம்பித்தால் முழு நிகழ்ச்சியே நடத்தலாம். வாடகைக்குப் போட்டியாகக் கார் தவணை. நம் கார் நிறுத்தும் இடத்தில் யாரோ காரை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஒரு தொலைபேசி எண்கூட வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் பழுது. நான் இருப்பதோ பதினேழாவது மாடி.

சந்தோஷங்களும் உண்டு. விடியற்காலை நாலே முக்காலுக்குக் காலியாகக் கிடக்கும் சாலை. நள்ளிரவிலும் மாமாக் கடையில் கிடைக்கும் ரொட்டி சானாய், தே தாரே. எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம், "எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்க அங்கே யாரும் இல்லாதது.

இந்தக் கடைசிச் சந்தோஷத்தில்தான் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஈப்போ புந்தோங்கில் தனியாக இருக்கிறார். போன வருடம் ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் அப்போது நேரலையில் இருந்தேன். ஏழு மணியாகியும் அம்மா வாசல் கூட்டவில்லையே என்று எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்திருக்கிறார். அவர்தான் கதவைத் திறக்க வைத்து, மருத்துவமனைக்கும் கூட்டிப் போனார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது.

அன்றிலிருந்து, "என்கூட வந்துடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒருமுறை வந்து ஐந்து நாள் இருந்தார். மூன்றாம் நாள் உளுந்து வடை சுட்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். மணி அடித்தார். உள்ளே தொலைக்காட்சி ஓடுகிறது, கதவு திறக்கவில்லை. தட்டோடு திரும்பி வந்தவர் என்னைக் கேட்டார்: "இங்க நான் விழுந்தா யாரும்மா பார்ப்பா?"

பதில் சொல்ல முடியாமல் வடையைச் சாப்பிட்டேன்.

சென்ற மாதம் ஈ.டி.எஸ் இரயிலில் ஈப்போ போனேன். இரண்டரை மணி நேரப் பயணம். சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணில் பட ஆரம்பித்தால் ஊர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். 1917-இல் கட்டி முடித்த வெள்ளை நிற இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தோள்பட்டை தானாகக் கீழே இறங்குகிறது. இங்கே யாருக்கும் அவசரமில்லை. வெள்ளைக் காப்பி ஆறும்வரை பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது.

மறுநாள் அம்மா பிறந்த தோட்டத்தில் திருவிழா. ஈப்போவிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் தூரத்தில் சுங்கை சிப்புட், அங்கிருந்து உள்ளே செம்மண் சாலை. காரை நான் ஓட்ட, பேச்சை அம்மா ஓட்டினார்.

இந்தப் பக்கத்துக் கதை கொஞ்சம் பெரியது. 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் இனத்தை நம்பித்தான் நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. பின்னர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, இதே ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் சிறு சேமிப்பே தோட்டம் வாங்கும் முதலானது.

அம்மாவின் தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. "இங்கதான் மூணாவது லயம்" என்று அம்மா காட்டிய இடத்தில் ஒரு சிமெண்டுப் படிக்கட்டு மட்டும் மிச்சம். அம்மா அதில் உட்கார்ந்தார். விடியுமுன் பிரட்டுக்குப் போன தாத்தா, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மங்கு துடைக்க ஓடிய பாட்டி, மழை வந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்ற பயம், எல்லாம் அந்தப் படியில் இருந்து வந்தன. லயம் முழுவதுக்கும் ஒரே ஒரு வானொலிப் பெட்டி இருந்ததாம். "எல்லாரும் சேர்ந்து ஒரு குரலைக் கேட்டோம். இப்ப நீ பேசறத அவங்கவங்க தனியா கேக்கறாங்க."

அதற்கு முந்தைய மாதம்தான் அலுவலக நண்பர்களைப் பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. 1926-இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றுபோனது. அதைக் கட்டியவர்களில் நம் ஆட்களும் உண்டு. சீட்டு வாங்கி உள்ளே போய் வளைத்து வளைத்துப் படம் எடுத்தோம். துரை குடியேறாத வீட்டைப் பார்க்கக் கட்டணம் இருக்கிறது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயத்துக்கு ஒரு பலகைகூட இல்லை.

ஆனால் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் எல்லாம் அன்று வந்திருந்தார்கள். என் குரலை வைத்து யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைத்தேன். ஒரு பாட்டி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "மூணாவது லயம் கடைசி வீட்டுப் பேத்திதானே நீ? அதே மூக்கு!" என்றார். அடுத்த கேள்வி, "எப்பம்மா கல்யாணம்?" ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் கேட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. அதே ஆறு பேரும் அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள்.

லய வாழ்க்கையை நான் கொண்டாடவில்லை. அந்த வறுமையிலிருந்து என்னை வெளியே அனுப்பத்தானே பாட்டி பால் வாளி சுமந்தார்! ஆனால் வெளியே வந்தபோது, கதவு திறக்காவிட்டால் வந்து தட்டும் பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ?

திரும்பும்போது அம்மா புந்தோங் கச்சாங் பூத்தே இரண்டு பொட்டலம் கொடுத்தார். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு."

இரண்டு நாள் தயங்கிவிட்டு மணி அடித்தேன். சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கில் ஒரு சீன மூதாட்டியின் முகம். பொட்டலத்தைக் காட்டி, "ஈப்போ" என்றேன். "ஓ! கச்சாங் பூத்தே!" சங்கிலி கழன்றது. மறுவாரம் என் கதவுப் பிடியில் ஆரஞ்சுப் பழங்கள் போட்ட பை ஒன்று தொங்கியது.

உடனே அம்மாவுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

"சரி, அந்தம்மா பேரு என்ன?"

கேட்கவில்லை என்றேன்.

"அப்ப மொதல்ல அதைக் கேளு. நான் வர்றதப் பத்தி அப்புறம் பேசுவோம்."