தடம் இல்லாத மணலில்

மணற்பாதை எமக்குப் புதிய விடயம் அல்ல. வன்னியின் உள்வீதிகளில் உழவு இயந்திரம் போன தடத்தைப் பார்த்துப் பார்த்தே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓடிப் பழகியவர்கள் நாம். ஆனால் எம்மிடம் இன்னொரு பழக்கமும் ஆழமாக ஊறியிருக்கின்றது. தடத்தை விட்டு விலகமாட்டோம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் எமக்குக் கற்பித்த பாடம் அது. 2009 இன் பின்னர் மீள்குடியேறிய கிராமங்களில் விறகு பொறுக்கப் போனாலும் மாடு தேடிப் போனாலும், ஆட்கள் நடந்த தடத்திலேயே காலை வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். சமூகப் பணியாளராக நானும் இதையே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கின்றேன்.

அப்படிப் பழகிய ஒருத்தி, தடமே இல்லாத மணலில் தனியே வாகனம் ஓட்டிச் சென்ற அனுபவம் இது. இடம், ஓமான் நாட்டின் கிழக்கே உள்ள ஷர்கியா மணற்பரப்பு. முன்னர் இதனை வஹிபா மணல் என்று அழைத்தார்கள். இதன் பரப்பு சுமார் 12,500 சதுர கிலோமீற்றர். எமது வட மாகாணம் முழுவதும் 8,884 சதுர கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் விரிவு விளங்கும்.

எனது பெரியம்மாவின் மகள் மஸ்கட் நகரில் தாதியாக வேலை செய்கின்றார். 2023 ஜனவரியில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இருவரும் சேர்ந்தே பாலைவனம் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருக்கு வைத்தியசாலையில் கடமை மாறிவிட்டது. வாகனமும் தங்குமிடமும் ஏற்கெனவே ஒழுங்கு செய்தாயிற்று.

"தனியப் போவியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"போவன் அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று அப்போது ஒன்றரை வருடம்தான். அதிலும் எமது நாட்டில் இடது பக்கமாக ஓடுகின்றோம். அங்கே வலது பக்கம். ஸ்ரியரிங்கும் இடது புறத்தில். கைகால்களுக்கு எல்லாமே மாறாட்டம். அதனால் முதல் இரண்டு நாட்களும் அதிகாலையில் மஸ்கட் தெருக்களில் ஓடிப் பழகினேன். நான்கு சில்லும் இழுக்கக்கூடிய ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பதினைந்து லீற்றர் தண்ணீர், மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சிறிய பம்ப் ஆகியவற்றை ஏற்றினோம். மாலை நான்கு மணிக்குள் நான் வந்து சேராவிட்டால் தேடி வருவதாகத் தங்குமிடத்தார் தொலைபேசியில் உறுதி தந்தார்கள். மணலுக்குள் பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது. எனவே இந்த ஏற்பாடு இல்லாமல் எவரும் தனியே போகக்கூடாது.

புதன்கிழமைச் சந்தை

மஸ்கட்டிலிருந்து பிதியா என்ற ஊர் இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிக தூரம். நல்ல தார் வீதி. வழியில் இப்ரா என்ற பழைய நகரம் வருகின்றது. அங்கே புதன்கிழமை தோறும் பெண்கள் சந்தை கூடுகின்றது. விற்பவர்களும் பெண்கள், வாங்குபவர்களும் பெண்கள். துணி, வாசனைப் பொருட்கள், சாம்பிராணி, கையால் தைத்த ஆடைகள் என்று பாய் விரித்து அடுக்கியிருந்தார்கள். விலை பேசும் சத்தத்தைக் கேட்டபோது திருநெல்வேலிச் சந்தைதான் ஞாபகத்துக்கு வந்தது. கணக்குப் பார்த்துக் காசை இடுப்பில் செருகிய ஒரு மூதாட்டியின் முகத்தில் இருந்த நிமிர்வை எமது சிறுசேமிப்புக் குழுப் பெண்களிடமும் நான் கண்டிருக்கின்றேன்.

காற்றைக் குறைத்தல்

பிதியாவில் தார் வீதி முடிந்து மணல் தொடங்குகின்றது. அந்த இடத்தில் ரயர் கடைகள் இருக்கின்றன. பாலைவனத்துக்குள் போகும் வாகனங்கள் இங்கே நின்று ரயர்களின் காற்றைக் குறைத்துக்கொண்டு போகும். 35 இறாத்தல் இருந்த காற்றை எனது ஜீப்புக்கு 18 இறாத்தலாக இறக்கினார்கள். காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகி அகலும். பாரம் பரந்து விழுவதால் சில்லு புதையாமல் மணலின் மேலே ஓடும். ஒட்டகத்தின் பாதமும் இப்படித்தான் அகன்று மெத்தென்று இருக்கின்றது.

கடைக்காரர் கையால் சைகை செய்து இன்னும் மூன்று விடயங்களைச் சொன்னார். வேகத்தை ஒரே சீராக வைத்திரு. சடுதியாகப் பிரேக் போடாதே. மணல்மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் நேராகப் போ. சரிவில் குறுக்கே போனால் வாகனம் உருண்டுவிடும்.

உள்ளே போனதும் இரு பக்கமும் செம்மண் நிற மணல்மேடுகள் எழுந்தன. சில மேடுகள் நூறு மீற்றர் வரை உயர்ந்தவை. அவை வடக்குத் தெற்காக நீண்ட வரம்புகள் போலக் கிடக்கின்றன. வாகனங்கள் இரண்டு வரம்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தால் போகும். முதல் சில கிலோமீற்றர்களுக்குச் சில்லுத் தடங்கள் தெரிந்தன. பிறகு அவை நாலாபக்கமும் பிரிந்தன. ஓரிடத்தில் காற்று எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு கீறல்கூட இல்லாத மணல்.

வாகனத்தை நிறுத்தினேன். கைகள் குளிர்ந்துவிட்டன. இது ஓமான், இங்கே நான் போகும் பாதையில் மிதிவெடி இல்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் உடம்பு வேறொரு நாட்டில் பழகிய உடம்பு. அது அசைய மறுத்தது. யுத்தம் முடிந்த பின்னரும் பயம் உடம்பில் குடியிருக்கும் என்று எத்தனையோ சகோதரிகள் என்னிடம் சொல்லக் கேட்டிருக்கின்றேன். படித்த சமூகவியலைவிட அந்த ஐந்து நிமிடம் எனக்கு அதனை நன்றாக விளக்கியது. தண்ணீர் குடித்தேன். கீழே இறங்கி இருபது அடி நடந்து பார்த்தேன். திரும்பி வந்து முதலாம் கியரைப் போட்டேன்.

உதவிக்கு வந்தவர்

காலைப் பனியில் சற்று இறுகியிருக்கும் மணல் நண்பகல் வெயிலில் தளர்ந்துவிடும். இரண்டு மணியளவில் ஜீப்பின் முன்சில்லுகள் அரைவாசி புதைந்தன. புதைந்த சில்லைச் சுழலவிட்டால் அது மேலும் கீழே தோண்டும் என்று அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எனவே அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மண்வெட்டியால் சில்லுகளின் முன்னும் பின்னும் மணலை அள்ளிக்கொண்டிருந்தபோது, மேட்டின் மேலாக ஒரு பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு பெதுவின் பெண். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பகுதிப் பெண்கள் அணியும் முகமூடி அணிந்திருந்தார். பின்னால் ஆட்டுக்குத் தீனி மூட்டைகள்.

அவர் இறங்கி ரயரை அமத்திப் பார்த்தார். ஒரு குச்சியால் வால்வை அழுத்தி இன்னும் கொஞ்சம் காற்றை வெளியேற்றினார். பின்பக்கமாக, நான் வந்த அதே தடத்தாலேயே எடுக்கும்படி கையைக் காட்டினார். மெதுவாகப் பின்னால் எடுத்தேன். வாகனம் எழும்பி வந்தது. கயிறு தேவைப்படவில்லை.

பிறகு போத்தலிலிருந்து சிறிய கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் கோப்பி ஊற்றித் தந்தார். பேரீச்சம்பழமும் தந்தார். "லங்கா" என்று என்னைச் சுட்டிக் காட்டியதும் தலையை ஆட்டிச் சிரித்தார். இலங்கைப் பெண்களை அவர் வீட்டு வேலை செய்பவர்களாகவே கண்டிருக்க வேண்டும். நான் ஸ்ரியரிங்கைத் தொட்டுக் காட்டிய பொழுது எனது தோளில் தட்டினார்.

இந்தப் பகுதிப் பெதுவின் பெண்கள் தண்ணீருக்கும் தீனிக்கும் சந்தைக்கும் பிக்கப் ஓட்டிப் போவது சாதாரண விடயம். பக்கத்து நாடான சவூதி அரேபியாவிலோ 2018 ஜூன் 24 ஆம் திகதி வரை பெண்கள் வாகனம் ஓட்டத் தடை இருந்தது. 1990 நவம்பர் 6 இல் றியாத் நகரில் 47 பெண்கள் வாகனங்களை ஓட்டிச் சென்று அந்தத் தடையை எதிர்த்தார்கள். அதற்காக அவர்களில் பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள், கடவுச்சீட்டுகளும் பறிக்கப்பட்டன. சாரதி ஆசனம் எவ்வளவு பெரிய விடயம் என்பது அதிலிருந்து தெரிகின்றது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் போவதற்குச் சில மாதங்கள் முன்னர், 2022 இறுதியில், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டு ஏமாற்றப்பட்ட இலங்கைப் பெண்களின் செய்தி வெளிவந்தது. நானும் அதே நாட்டுக்குச் சுற்றுலாப் பயணியாகத்தான் போனேன். எனது கடவுச்சீட்டு எனது கைப்பையில் இருந்தது. போகும் இடமும் திரும்பும் நாளும் எனக்குத் தெரிந்திருந்தன. அவர்களுக்கு இவை மறுக்கப்பட்டன. வேலைக்கென்று எவராவது சுற்றுலா விசாவில் அனுப்புவதாகச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

வன்னி மரத்தடியில்

மூன்றரை மணிக்குத் தங்குமிடம் போய்ச் சேர்ந்தேன். அருகே தனித்தனியாகச் சில மரங்கள் பச்சையாக நின்றன. அரபு மொழியில் அதனை 'காஃப்' என்கிறார்கள். அது வேறொன்றுமல்ல, எமது வன்னி மரம்தான். விஜயதசமியில் வன்னி வாழை வெட்டு என்று சொல்கின்றோமே, அந்த வன்னி. அதன் வேர் முப்பது மீற்றர் ஆழம் வரையும் போய் நீரைத் தேடும். ஆட்டுக்குத் தீனியும் ஆட்களுக்கு நிழலும் அதுவே. அதன் கீழே இருந்தபோது தூரதேசம் வந்த எண்ணமே போய்விட்டது.

அடுத்த நாள் விடியற்காலை, மணல் இறுகியிருந்த நேரத்தில், தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மேடொன்றில் நேராக ஏறினேன். உச்சியில் வேகத்தைத் தணித்து அடுத்த பக்கம் எப்படி இருக்கின்றது என்று பார்த்து நேராக இறங்கினேன். மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றாம் தடவை கை நடுங்கவில்லை. திரும்பும் வழியில் பிதியாவில் ரயர்களுக்கு மறுபடியும் 35 இறாத்தல் காற்று அடித்தேன். காற்றுக் குறைந்த ரயரோடு தார் வீதியில் வேகமாக ஓடுவது ஆபத்து.

ஊரில் இன்னும் முற்றாக அகற்றப்படாத இடங்களில் சிவப்புப் பலகையைக் கண்டால் நான் இன்றும் ஒரு அடி விலகமாட்டேன். அது பயமல்ல, அறிவு. ஆனால் பலகை இல்லாத இடங்களிலும் நாமே பலகை நட்டு வைத்திருக்கின்றோம். அங்கே போகலாமா, இதை ஓட்டலாமா, தனியே இருக்கலாமா என்று. அவற்றில் எது உண்மையான வெடி, எது பழைய பயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கின்றது. தண்ணீரும் மண்வெட்டியும் தேடி வருவதற்கு ஓர் ஆளும் இருந்தால் அதைச் செய்யலாம்.

இந்தக் கதையை எமது பெண்கள் குழுவில் சொன்னேன். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கேட்டது ரயர்க் காற்றைப் பற்றி. குழுவில் மூன்று பேர் இப்போது முச்சக்கரவண்டி ஓட்டப் பழகுகின்றார்கள்.