கடைசி வண்டி: வடசென்னைச் சரக்குத் தடங்களில் பிரேக் வேன்

சரக்கு ரயிலின் வால்முனையில் கோக்கப்பட்டு, கார்டு அமர்ந்து செல்வதற்கென அமைந்த சிறு வண்டி இந்திய ரயில்வேயில் பிரேக் வேன் எனப்படும். அமெரிக்காவில் இதே பணிக்கு இருந்த வண்டி கபூஸ். 1980களில் அங்கு மின்னணுக் கருவிகள் அதன் வேலையை எடுத்துக்கொண்ட பின், பயனிழந்த கபூஸ்களை ஆர்வலர்கள் விலைக்கு வாங்கித் தோட்டத்து அறைகளாகவும் விடுதிகளாகவும் மாற்றினர். வடசென்னையில் அந்த வண்டி இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதால், அதைச் சேகரிக்கும் எண்ணம் அரிதாகவே எழுகிறது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் தூண்களைப் படமெடுக்கப் பலர் வருகின்றனர். சற்று வடக்கே, சரக்கு வண்டிகளைப் பிரித்தும் சோதித்தும் ரேக்குகளாகச் சேர்க்கும் தண்டையார்பேட்டை யார்டை எட்டிப் பார்ப்போர் குறைவு. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கிய பின், நிலக்கரி ரேக்குகளும் அந்தப் பக்கத்துத் தடங்களின் அன்றாடக் காட்சியாயின.

திருவொற்றியூர் நடைமேடையைக் கடக்கும் அத்தகைய ரேக்கின் கடைசியில் பெரும்பாலும் காணப்படுவது பி.வி.இசட்.சி. வகை நான்கு சக்கர வேன். நடுவே ஓர் அடைத்த அறையும், இரு முனைகளிலும் கம்பியழி போட்ட திண்ணை போன்ற திறந்த இடமும் கொண்ட அதில் போகி, அதாவது சக்கரங்களைத் தாங்கிச் சுழலும் தனிச் சட்டகம், இல்லாததால், தண்டவாள இணைப்புகளின் அதிர்வு நேராக இருக்கைக்கே ஏறுகிறது. விளக்கும் விசிறியும் கழிப்பறையும் இல்லாத வேன்களில் இரவெல்லாம் செல்வது கார்டுகளின் நெடுநாள் குறை; ஐ.சி.எஃப். போகி பொருத்திய பி.வி.இசட்.ஐ. வகை அந்த அதிர்வை ஓரளவு தணித்தது. 2022 ஜனவரியில் பதவிப் பெயர் 'டிரெயின் மேனேஜர்' என மாற்றப்பட்டாலும், பேச்சு வழக்கில் அவர் இன்னும் கார்டுதான்.

அறைக்குள் இருப்பவை சில: கைச்சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் ஹேண்ட் பிரேக், ரயிலின் நீளமெங்கும் ஓடும் பிரேக் குழாயின் காற்றழுத்தம் காட்டும் மானி, கார்டின் பெட்டி. பெட்டியில் சிவப்பு, பச்சைக் கொடிகளோடு டெட்டனேட்டர்களும் உண்டு. இவை சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் தட்டையான வெடிவில்லைகள். ரயில் நடுவழியில் நின்றுவிட்டால், அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்றும் 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றுமாக அவற்றைத் தண்டவாளத்தில் பொருத்த, கார்டு அவ்வளவு தூரம் நடந்தாக வேண்டும். வேனின் பின்புறம் தொங்கும் எல்.வி. பலகை, அது கடைசி வண்டி என்பதற்கு அடையாளம். ரயில் இடையில் அறுபடாமல் முழுமையாக வந்து சேர்ந்ததை நிலைய அதிகாரி உறுதிசெய்வது அதைப் பார்த்துத்தான்.

மாதிரி செய்வோர்க்கு இந்த வேன் எளிய உருவமாகத் தோன்றினாலும், தடத்தின் அகலத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. மாதிரி உலகில் பரவலான எச்.ஓ. அளவு 87இல் ஒரு பங்கு, அதன் 16.5 மில்லிமீட்டர் தடம் 1,435 மி.மீ. அயல்நாட்டுப் பாதைக்குப் பொருந்துவது. இந்திய அகலப் பாதையின் 1,676 மி.மீ.க்கு 19 மி.மீ.க்கு மேல் தேவைப்படுவதால், கடையில் கிடைக்கும் தடத்தில் ஓடும் இந்திய வேன் கால் ஒடுங்கியே நிற்கும். சரியான அகலம் வேண்டுமெனில் அச்சையும் தடத்தையும் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். வண்ணத்தை விட இந்த உழைப்பே முதன்மையானது எனலாம். அளவெடுக்க மூல வண்டி இன்று யார்டிலேயே நிற்கிறது. ஆனால் ரயிலின் முழுமையை மின்னணு முறையில் அறிவிக்கும் பின்முனைக் கருவிகள் இந்தியாவிலும் வரத் தொடங்கிவிட்டன, கழிக்கப்படும் வேன்கள் பெரும்பாலும் பழைய இரும்பாகவே ஏலம் போகின்றன.