தேத்தண்ணி ரோஸ் பால்: பந்தல் அண்ணனுக்காக வீட்டில் செய்து பார்த்தது

ஓம் சரவணபவ.

தைப்பூசத் தண்ணீர் பந்தல் படங்கள் போட்டிருந்தோம். அதில் பெரிய பானையில் சிவப்பும் இல்லாம பழுப்பும் இல்லாம ஒரு கலரில் இருந்ததே, அது என்ன என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒருத்தர் "சிரப் தீர்ந்து போய் தேத்தண்ணியை ஊத்திட்டீங்களா" என்றுகூட எழுதியிருந்தார். கோபம் இல்லை. பார்த்தா அப்படித்தான் இருக்கும். அது ரோஜாப்பூ போட்ட தேத்தண்ணிப் பால். வீட்டில் செய்கிற முறையை எழுதச் சொன்னீங்க, எழுதுறோம். ஆனா முறையை மட்டும் எழுதினா, இத்தனை வருஷம் கொடுத்த சிவப்புப் பாலை ஏன் மாத்தினோம் என்பது தெரியாது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நாங்க ஏழு பேர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவங்க. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை இடிச்ச பிறகு ஆளுக்கொரு பக்கமா புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, சிம்மோர் என்று வந்துட்டோம். லாரி ஓட்டுறவர், ஜாகா வேலை பார்க்கிறவர், பென்ஷன் வாங்குறவர் எல்லாம் இருக்காங்க. எங்களில் ரெண்டு பேர் கையுறை தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்பா அம்மா பால்மரம் வெட்டினாங்க, பிள்ளைங்க கையுறை எண்ணுறோம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஒண்ணா சேர்ற இடம் பந்தல்தான். புந்தோங் மாரியம்மன் கோவிலில் இருந்து காவடியும் பால்குடமும் கல்லுமலைக்குப் போகிற வழியில், இருபது வருஷத்துக்கு மேலா போடுறோம்.

பந்தலில் பால் கலக்குறது எப்பவும் ஒரே ஆள். எங்களுக்கு மூத்தவர், பந்தல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சிவப்பு சிரப், டின் பால், ஐஸ். மலாய்க்காரங்க கல்யாண வீட்டில் கொடுக்கிற அதே ஆயர் பண்டோங்தான். பண்டோங் என்றால் ஜோடி என்று அண்ணன் சொல்லுவார். பாலும் ரோஜாவும் ஜோடியாம். அவர் கரண்டியால் அளந்து நாங்க பார்த்ததே இல்லை. போத்தலைக் கவிழ்ப்பார், டின்னைக் கவிழ்ப்பார், ஒரு மங்கு மொண்டு குடிச்சுப் பார்ப்பார், "இன்னும் கொஞ்சம் விடு" என்பார். விடிய விடிய அப்படி எத்தனை மங்கு குடிச்சிருப்பார் என்று அப்போ யாரும் எண்ணவில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னே தைப்பூசத்தன்று தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்னதில் அவருக்கு உள்ளங்காலில் கொப்புளம் வந்திருக்கு. அவருக்கே தெரியலை. சீனி வியாதி முத்தினா காலில் உணர்ச்சி குறைஞ்சு போகும், சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. சாக்ஸில் ஈரம் பார்த்துட்டுத்தான் அண்ணி கேட்டிருக்காங்க. அதுக்குள்ளே புண் ஆழமா போயிடுச்சு. மூணு மாசத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். அந்த வார்டில் நம்ம ஆளுங்க எத்தனை பேர் என்று பார்த்து எங்களுக்கு நாக்கு எழலை. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவங்களில் 18.3 விழுக்காடு பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியா எடுத்தா 31.4 விழுக்காடு. பந்தலுக்கு வர்ற மூணு பெரியவங்களில் ஒருத்தர் என்று வச்சுக்குங்க.

அப்புறம்தான் டின்னில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படிச்சோம். தொழிற்சாலையில் லேபிளில் ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் லாட்டை நிறுத்துற ஆளுங்க நாங்க. இருபது வருஷமா இந்த லேபிளைப் படிக்கலை. கணக்குப் போட்டதில் ஒரு குவளைக்கு ஆறு டீ கரண்டி சீனி வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு கரண்டிக்குள் இருந்தா நல்லது என்று சொல்லுது. நாங்க அதை ஒரே குவளையில், நடந்து களைச்ச பக்தருக்கு, கைகூப்பிக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கோம். இன்னொண்ணு. கடையில் இருக்கிற டின் எல்லாமே பால் இல்லை. "கிரீமர்" என்று போட்டிருந்தா அதில் இருக்கிறது பெரும்பாலும் செம்பனை எண்ணெயும் சீனியும்தான். விரதக்காரங்களுக்கு ஒரு தகவல்: சிவப்பு கலர் உள்ள எதை வாங்கினாலும் 120 என்ற எண் இருக்கா என்று பாருங்க. அது பூச்சியில் இருந்து எடுக்கிற சாயம்.

மாத்தலாம் என்று பேச்செடுத்ததும் குழுவில் சண்டை வந்துடுச்சு. "சாமி பேரில் கொடுக்கிறதில் இனிப்பைக் குறைச்சா கஞ்சத்தனம் என்பாங்க" என்று ஒருத்தர். "வருஷத்துக்கு ஒரு குவளை, அதில் என்ன வந்துடும்" என்று இன்னொருத்தர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கு. ஆனா அன்னைக்கு வழியில் எத்தனை பந்தல்! ஒரு குவளையோடு யாரும் நிறுத்துறதில்லை, பிள்ளைங்க சுத்தமா நிறுத்துறதில்லை. பச்சைத் தண்ணி மட்டும் கொடுக்கலாம் என்றும் பேசினோம். அண்ணன்தான் ஒத்துக்கலை. வீல்சேரில் உட்கார்ந்துக்கிட்டு, "பால் இல்லாத பந்தல் என்னா பந்தல்டா" என்றார். "நானும் ஒரு மங்கு குடிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். அதுக்கு மேல் சண்டை போட எங்களுக்கு வாய் வரலை.

தேத்தண்ணி யோசனை எங்க அம்மா ஒருத்தர் சொன்னது. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. தோட்டத்தில் விடியக்காலம் பெரட்டுக்குப் போகுமுன் எல்லார் வீட்டிலும் வெறும் தேத்தண்ணிதான், பால் கிடையாது. காண்டா போட்டு ரெண்டு வாளி பால் தூக்கி வருவாங்க, அது குடிக்கிற பால் இல்லை. மாடு வச்சிருந்த வீட்டில் மட்டும் அரை மங்கு பால் கிடைக்கும். அந்த அம்மா விசேஷ நாளில் பன்னீர் ரோஜா இதழைத் தேயிலையோடு போட்டு மூடி வச்சு, அந்த அரை மங்கு பாலை ஊத்திக் கொடுப்பாங்களாம். "சீனிக்கு எங்கடா போறது? வாசனைக்குத்தான் குடிச்சோம்" என்றாங்க.

(நம்ம பேராக்கில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒண்ணு இன்னும் நிக்குது. அந்தப் பக்கம் போனா பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. தாத்தா பாட்டி இங்கே வந்ததே அந்த மரத்தால்தான். தேயிலைக் கதையும் அதே மாதிரிதான். கேமரன் மலையில் போ தோட்டம் 1929-இல் ஆரம்பிச்சது, அங்கேயும் கொழுந்து பறிச்சது நம்ம சனம்தான்.)

வீட்டில் செஞ்சு பார்க்க ஆரம்பிச்சோம். முதல் நாலு ஞாயிற்றுக்கிழமையும் வீண். முதல் தடவை தேயிலையைப் பாலில் போட்டுக் கொதிக்க விட்டோம். கசப்பு, அதை அமுக்க மறுபடியும் சீனி. ரெண்டாவது, ஒருத்தர் காய்ந்த ரோசல் பூ கொண்டு வந்தார். அது புளிச்சக்கீரைக்குச் சொந்தம், புளிப்பு. பாலில் பட்டதும் திரிஞ்சு தயிர் மாதிரி ஆயிடுச்சு. மூணாவது சங்குப்பூ. வேலியில் சும்மா கிடைக்குது, கலர் என்னமோ அழகுதான், பிள்ளைங்க கைதட்டினாங்க. அண்ணன் மங்கைப் பார்த்துட்டு, "நீலமா குடிக்க நான் என்னா நீலகண்டனா?" என்று தள்ளி வச்சிட்டார்.

நாலாவதுதான் சொல்ல வெட்கமா இருக்கு, ஆனா சொல்லியாகணும். வாசனை போதலை என்று எங்களில் ஒருத்தர் பூசை சாமான் தட்டில் இருந்த பன்னீர் போத்தலை எடுத்துப் பாலில் ஊத்திட்டார். நல்ல வேளை, அந்த எண்பது வயசு அம்மா மோந்து பார்த்துட்டு, "இது தெளிக்கிற பன்னீருடா" என்று கையைத் தட்டி விட்டாங்க. போத்தலைத் திருப்பிப் பார்த்தா, பூசைக்கு மட்டும், குடிக்கக் கூடாது என்று சின்ன எழுத்தில் இருக்கு. தயவு செஞ்சு கவனிங்க. அபிஷேகத்துக்கு விக்கிற பன்னீர் வேற, சமையலுக்கு விக்கிற பன்னீர் வேற. அதே மாதிரி மாலையில் உள்ள ரோஜாவையும், பூக்கடை ரோஜாவையும் இதுக்குப் போடாதீங்க. சாமிக்குச் சாத்தின பூவைக் கொதிக்க வைக்கலாமா என்கிற பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பூவுக்குப் பூச்சி மருந்து அடிச்சிருப்பாங்க, கழுவினாலும் முழுசா போகாது. வீட்டில் மருந்து அடிக்காம வளர்த்த பன்னீர் ரோஜா, இல்லைன்னா மளிகைக் கடையிலும் சீன மருந்துக் கடையிலும் குடிக்கிறதுக்கென்று விக்கிற காய்ந்த ரோஜா மொட்டு, இது ரெண்டுதான்.

இனி முறை. நாலஞ்சு பேருக்கு.

பசும்பால் 1 லிட்டர், டின் பால் வேண்டாம். தேயிலை ரெண்டு மேசைக்கரண்டி. தூள் வேண்டாம், இலையா இருக்கணும். தூள் சீக்கிரம் கசக்கும், துணியிலும் நிக்காது. காய்ந்த ரோஜா ஒரு சின்னக் கைப்பிடி, ஏலக்காய் மூணு தட்டினது. இது மூணையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிச்ச தண்ணி அரை மங்கு ஊத்தி மூணு நிமிஷம் மூடி வைங்க. இலை விரியணும், அவ்வளவுதான். இதைக் கொதிக்க வச்சா எங்க முதல் ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கும். பிறகு குளிர்ந்த பாலை அப்படியே அதில் ஊத்தி, மூடி, ராத்திரி முழுக்க ஐஸ்பெட்டியில் வைங்க. சூட்டில் இறங்குற கசப்பு குளிரில் அவ்வளவா இறங்காது, வாசனை மட்டும் மெதுவா இறங்கும். காலையில் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்க. துணியைப் போட்டுப் பிழியாதீங்க, பிழிஞ்சா கசப்பும் வந்துடும்.

சீனி நாலு டீ கரண்டி, மட்டமா. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கரண்டி. பிள்ளைங்க கலர் பார்த்துத்தான் குடிக்கும், அதனால் பீட்ரூட் ஒரு துண்டை வேக வச்ச தண்ணி ஒரு கரண்டி. படத்தில் பார்த்த கலர் அதுதான்.

மில்க் ஷேக் மாதிரி கெட்டியா வேணுமா? ஐஸ்கிரீம் போட வேண்டாம். சில ஐஸ்கிரீமில் முட்டை இருக்கு, சிலதில் ஜெலட்டின். வடிகட்டின பாலில் பாதியை ஐஸ் தட்டில் ஊத்தி உறைய விடுங்க. மீதிப் பாலையும் அந்தப் பால் கட்டியையும் ஒண்ணா பிளெண்டரில் அடிங்க. நுரை கட்டிக்கிட்டு வரும். தண்ணி ஐஸ் போட்டா கடைசி மடக்கு வெறும் தண்ணியா இருக்கும், இதில் கடைசி வரைக்கும் ஒரே ருசி. இந்த யோசனை எங்க வீட்டு மருமகள் ஒருத்தர் கொடுத்தது. ஆம்பளைங்க ஏழு பேர் நாலு வாரம் நின்ன இடத்தில் அந்தப் பிள்ளை பத்து நிமிஷத்தில் முடிச்சிட்டுப் போச்சு.

சீனி வியாதிக்காரங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது மருந்து இல்லை. பாலிலேயே 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் சீனி இயற்கையா இருக்கு. சின்ன குவளையில், டாக்டர் சொன்ன அளவுக்குள் வச்சுக் குடிங்க. பந்தல் போடுற மத்த குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: பசும்பால் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நாங்க பத்து பத்து லிட்டரா பிரிச்சு ஐஸ் தோங்கில் வச்சு, ஒண்ணு முடிஞ்ச பிறகுதான் அடுத்ததைத் திறந்தோம். வேலை அதிகம், செலவும் டின் பாலைவிட அதிகம். அதை மறைக்க முடியாது. ரெண்டு பேர் காசு போட மாட்டேன் என்றவங்க, கடைசி வாரம் வந்து போட்டாங்க.

தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணனைக் கூட்டி வந்தோம். வழக்கம் போல அவர்தான் முதல் மங்கு. வாங்கி மோந்து பார்த்தார். குடிச்சார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. "இனிப்பு பத்தலை" என்றார். எங்களுக்கு முகம் விழுந்துடுச்சு. அப்புறம் மங்கை நீட்டி, "அம்மா போட்ட தேத்தண்ணி வாசம் இருக்கு. இன்னும் கொஞ்சம் விடு" என்றார். அண்ணி பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "அரை மங்குதான்" என்றாங்க. அரை மங்குதான் விட்டோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் கூட்டம் ஏறிடுச்சு. பால்குடம் எடுத்துப் போன ஒரு அம்மா குடிச்சிட்டு, "சிவப்பு பால் இல்லையா தம்பி" என்று கேட்டுட்டு, திரும்பி வந்து இன்னொரு குவளை வாங்கிப் போனாங்க. நிறைய பேர் குடிச்சாங்க, சில பேர் முகத்தைச் சுளிச்சு வச்சிட்டுப் போனாங்க. விடிஞ்சபோது ஒன்றரை தோங்கு மிஞ்சியிருந்தது. போன வருஷங்களில் மிஞ்சினதே இல்லை. அண்ணன் அதைப் பார்த்துட்டு, அடுத்த வருஷம் ஏலக்காயை ஒண்ணு கூட்டிப் போடச் சொல்லியிருக்கார்.

யாராவது வீட்டில் செஞ்சு பார்த்தா எப்படி வந்தது என்று எழுதுங்க. கசந்தாலும் எழுதுங்க. காய்ந்த ரோஜா எங்கே மலிவா கிடைக்குது என்று தெரிஞ்சவங்களும் சொல்லுங்க, எங்க தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு இன்னும் ரெண்டு கிலோ வாங்கணும்.

முருகா சரணம்.