புகை போகும் வழி

சமையலறையில் சிம்னி பொருத்திய விவகாரத்தை இந்தப் பக்கங்களில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். புகையைப் படிமமாக வைத்து நம்மில் பலர் கவிதை எழுதியாகிவிட்டது, நான் உட்பட. அது எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று யாரும் எழுதியதாக நினைவில்லை.

அம்மா ஊரைவிட்டு என்னோடு இருக்க வந்தபோது இருமலும் கூடவே வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "விறகடுப்பா?" நாற்பது வருஷம். அந்த ஓட்டு வீட்டில் அடுப்புக்கு நேர்மேலே ஒரு புகைக்கூண்டு இருந்தது. சூடான காற்று தானாக மேலே போகும் என்ற ஒரே நம்பிக்கையில் கொத்தனார் கட்டியது. மழைக்காலத்தில் ஈரவிறகின் புகை கூண்டை விட்டுவிட்டு அம்மாவின் முகத்துக்கே வரும். பீடியைத் தொடாத பெண்களின் நுரையீரலும் இப்படிக் கெடுவதுண்டு என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். இப்போது கேஸ் அடுப்புதான். இருந்தாலும் பொரிக்கிற எண்ணெயின் புகை இருக்கிறது.

சிம்னியோடு வந்த இளைஞர் கெட்டிக்காரர். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயை ஆர்மோனியத் துருத்தி மாதிரி இழுத்து, இரண்டு இடத்தில் வளைத்து, சுவரில் ஏற்கெனவே இருந்த 4 அங்குல ஓட்டையில் சொருகப்போனார். சிம்னியின் வாயோ 6 அங்குலம். "குறைச்சிடலாம் சார், எல்லா வீட்லயும் அப்படித்தான்." 4 அங்குல வட்டத்தின் பரப்பு 6 அங்குல வட்டத்தில் பாதிகூட இல்லை, 44 சதவீதம் என்றேன். "சத்தம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான்" என்றார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பது இலக்கியத்திலும் கேட்டுச் சலித்த வாதம். அவரை அனுப்பிவிட்டேன்.

தகர வேலை செய்கிற பெரியவர் ஒருவர் ஜி.ஐ. தகட்டில் குழாய் செய்து தந்தார். "உள்பக்கம் வழுவழுன்னு இருக்கணும் தம்பி. மடிப்பில எண்ணெய் தங்கும். தங்கினா என்னைக்காவது தீப்பிடிக்கும்." சுவரைத் துளைக்க மெஷின் வந்தது. 9 அங்குலச் செங்கல் சுவர். வீடு முழுக்கச் சிவப்புச் சேறு.

ஓட்டை விழுந்த பிறகுதான் அதன் வழியாகப் பார்த்தேன். மூன்றடி தள்ளி அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னல், உள்ளே தொட்டில். வளைவு இல்லாத குழாய்தான் நல்ல குழாய் என்று இரண்டு நாளாக எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு வளைவும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். அம்மாவுக்குக் கிடைக்க வேண்டியதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு ஒரு வளைவு வைத்து, குழாயை மொட்டைமாடிக்கு மேல் ஏற்றினோம். நுனியில் மழைக்கு ஒரு தொப்பி.

அம்மா சுவிட்சைத் தொடவே இல்லை. "மாவு மில்லு மாதிரி கத்துதுடா. தாளிச்ச வாசம் வீட்டுக்குள்ள வரலேன்னா சமைச்சது எப்படித் தெரியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

நாலாம் நாள் அப்பளம் பொரிக்கும்போது நானே போட்டேன். புகை சரியாக இழுபடவில்லை. இவ்வளவு செலவும் வீணா என்று வயிற்றைக் கலக்கியது. பார்த்தால், அடுப்பு அணைகிறதென்று அம்மா ஜன்னலையும் கதவையும் சாத்தியிருந்தாள். உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும். ஜன்னலைப் பாதி திறந்தேன். அம்மா நேற்றைய காலண்டர் தாளைக் கிழித்து வலைத்தகட்டுக்குக் கீழே பிடித்தாள். கையை எடுத்த பிறகும் தாள் விழவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்பளம் கருகுது, நகரு" என்றாள்.