எஞ்சினுக்குள் தங்கும் தண்ணீர்

வார்டோவில் செப்டம்பர் முடியும்போதே காற்று மாறிவிடும். நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பேரன்ட்ஸ் கடலோரத்தில் இருக்கிற அந்தச் சின்னத் தீவில்தான் நான் வளர்ந்தேன். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் திரும்பத் தலைகாட்டும். சூரியன் மறைவதற்கு முன் அப்பாவுக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது: வள்ளத்து எஞ்சினைப் பனிக்காலத்துக்குப் பத்திரப்படுத்துவது.

1980களின் கடைசியில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர்களில் அப்பாவும் ஒருவர். வாரம் முழுக்க ரப்பர் அங்கியோடு நின்று, யாரோ பிடித்த கோட் மீனை வெட்டுவார். ஊரில், மயிலிட்டிக் கரையில், சொந்த வள்ளத்தில் தொழில் செய்த மனிதருக்கு அது சம்பளம் மட்டும்தான். நோர்வேயில் வீட்டுத் தேவைக்குக் கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று அறிந்ததும், சேர்த்த காசில் ஒரு பிளாஸ்ரிக் வள்ளமும் பழைய 15 குதிரைவலு யமஹாவும் வாங்கிவிட்டார்.

ஊரில் எஞ்சினுக்கு உப்புத்தான் எதிரி. கடலால் வந்ததும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். இங்கே கழுவுகிற தண்ணீரையே நம்ப முடியாது. உப்புத் தண்ணீர் உறைய மைனஸ் 2 பாகை அளவுக்குக் குளிர் வேண்டும். நல்ல தண்ணீர் பூச்சியத்திலேயே உறையும். உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருக்கும். ஒரு கை தண்ணீர் உள்ளே தங்கினாலும் அலுமினிய உறையைப் பிளந்துவிடும். வார்டோத் துறைமுகம் உறைவதில்லை. கரையில் ஏற்றி வைத்த எஞ்சின்தான் உறையும். இதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு நோர்வீஜியப் பெரியவர்.

முற்றத்தில் பீப்பா நிறைய நல்ல தண்ணீர் பிடித்து, எஞ்சின் காலை அதற்குள் இறக்கி ஸ்ரார்ட் பண்ணுவார். பின்பக்கத்துச் சின்னத் துவாரத்தால் தண்ணீர் பீச்சி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை.

“தண்ணி போகுதோ, பிள்ளை?”

“போகுது அப்பா.”

“சூடாகுதோ பார்.”

கையை நீட்டிப் பார்ப்பேன். முதலில் விறைக்கும், பிறகு இளஞ்சூடு ஏறும். அப்படி ஏறினால்தான் உள்ளே எல்லாக் குழாயும் கழுவுப்பட்டது என்று அர்த்தம். பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, காபிரேற்றர் வாயில் எண்ணெய் ஸ்பிறே அடிப்பார். முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. குழாயில் மிஞ்சிய பெற்றோல் தீர்ந்து எஞ்சின் இருமி நிற்கும். பெற்றோல் மாதக்கணக்காக உள்ளே கிடந்தால் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். பிளக் இரண்டையும் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து அதைச் சுவரெல்லாம் பரவ விடுவார்.

அடுத்தது கியர் எண்ணெய். அப்பா மிகக் கவனமாகச் செய்தது அதைத்தான். கீழ் ஸ்குறூவின் அடியில் பழைய ரின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் குந்தியிருப்பேன். கீழதைக் கழற்றிவிட்டு மேலதையும் கழற்றினால்தான் காற்றுப் புகுந்து எண்ணெய் இறங்கும். முதல் சொட்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். கறுப்பென்றால் சரி. ஒருமுறை பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அப்பா பேசாமல் புறொப்பெல்லரைக் கழற்றினார். தண்டின் அடியில் தங்கூசி நூல் இறுகச் சுற்றிக்கிடந்தது. அது ஒயில் சீலை அரிந்துவிட, கடல் உள்ளே வந்திருக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் ஜனவரியில் கியர் பெட்டியை உடைத்திருக்கும். புதுச் சீல் வரும்வரை அப்பா எஞ்சினைக் குளிரில் விடவில்லை. வீட்டு வாசலுக்குள் நிறுத்தி வைத்தார். அம்மா அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தார்.

புது எண்ணெயைக் குழாயால் கீழிருந்து மேலாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று நிற்கும். மேல் துவாரத்தால் எண்ணெய் வழியும்போது அப்பாவின் குரல் உயரும்: “மேலதை முதல் பூட்டு! மேலதைப் பூட்டினாப் பிறகுதான் கீழதில கை வைக்கோணும்.” மேல் வாய் மூடியிருந்தால் கீழே குழாயை எடுத்தாலும் எண்ணெய் இறங்காது. அந்தச் சில விநாடிக்குள் ஸ்குறூவைத் தேடிப் பூட்டும் பொறுப்பை எனக்குத் தந்திருந்தார். பெருமையாக இருந்தது.

எஞ்சினைக் கடைசிவரை படுக்க விடமாட்டார். நிமிர்த்தி வைத்தால்தான் மிச்சத் தண்ணீரும் காலால் வடியும். கொட்டிலுக்குள் மரச்சட்டத்தில் மாட்டி, மூச்சுவிடத் துணி போர்த்துவார். பொலித்தீன் போட்டால் உள்ளே வியர்க்கும்.

அந்த நேரங்களில்தான் சித்தப்பாவின் எஞ்சினைப் பற்றிச் சொல்வார். 1990 ஜூனில் போரால் மயிலிட்டி சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அது வீட்டு மாலுக்குள் நின்றது. கழுவவும் நேரமில்லை. உப்போடு நின்றது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த எஞ்சின் கிடைக்கவில்லை.

குளிர் நாடுகளில் சின்ன வள்ளம் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கியர் எண்ணெய் மாற்றுவதை வசந்தத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். பனிக்கு முன்பே கீழ் ஸ்குறூவைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால், சீலை மாற்றிய பிறகே எஞ்சினை உள்ளே வையுங்கள்.