ஐம்பதா, எழுபதா, நூற்றிருபத்தைந்தா?

எமது வீட்டுக் கொட்டிலிலே ஒரு மோட்டார் சைக்கிள் ஆறு ஆண்டுகளாகச் சாக்குப் போர்த்துக் கிடந்தது. ஹொண்டா சீ 50 என்னும் சிறிய வண்டி. எமது தந்தையார் கச்சேரியில் லிகிதராக இருந்த காலத்தில், 1979ஆம் ஆண்டிலே வாங்கியது. அவர் காலமான பின்னர் அதனை ஓட்டுவாரும் இல்லை. விற்பதற்கு மனங்கொள்வாரும் இல்லை. சென்ற ஆனி மாதத்தில் எமது தங்கையின் மகன் அந்தச் சாக்கை நீக்கினான். அன்று தொடங்கியது வழக்கு.

மருமகனுக்கு வயது பத்தொன்பது. காரைநகரிலிருந்து நாள்தோறும் யாழ்ப்பாணம் சென்று தொழிற்கல்வி பயில்கின்றான். பேரனாரின் வண்டியிலே போய்வர அவனுக்குப் பேராசை. ஆனால் பேரனாரின் எஞ்சின்மீது மட்டும் நம்பிக்கை இல்லை.

"மாமா, இது ஆமை. சோழகம் அடிக்கேக்கை பொன்னாலைப் பாலத்திலை இது என்னைக் கொண்டு போகாது. நான்தான் இதைக் கொண்டு போகவேணும்."

அவன் கேட்டது 125 சி.சி. கொள்ளளவுள்ள சீன எஞ்சின் ஒன்று. 'பிட் பைக்' என்ற குட்டி வண்டிகளுக்கென்று செய்யப்படுவது. பந்தயத் தடத்தின் ஓரத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்திற்குப் பிட் என்று பெயர். அவ்விடத்தில் அங்குமிங்கும் ஓடித்திரிய வைத்திருந்த சிறு வண்டியே பிட் பைக் ஆயிற்று. அதன் எஞ்சின் சீ 50 வண்டியிலே எவ்வாறு பொருந்தும் என்று நாம் வினவ, அவன் எமக்கே பாடம் நடத்தினான். 1958இல் ஹொண்டா நிறுவனத்தார் 'சூப்பர் கப்' என்னும் வண்டியை வெளியிட்டனர். சிலிண்டரைத் தரைக்குச் சமாந்தரமாகப் படுக்க வைத்த எஞ்சின். கையால் கிளச் பிடிக்க வேண்டாத அமைப்பு. 2017இல் அவ்வினத்து வண்டிகளின் தொகை பத்துக் கோடியை எட்டியது. சீ 50, சீ 70, சீ 90 யாவும் அதன் வழிவந்தவையே. யாழ்ப்பாணத்தார் பெரிதும் போற்றிய எம்.டி. 90 என்னும் சப்பானியத் தபாற்கார வண்டியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சீனத் தொழிற்சாலைகளும் அந்தப் படுத்த எஞ்சினையே பின்பற்றிச் செய்வதால், பெரும்பாலும் ஆணித்துளைகள்கூட ஒத்துவரும் என்றான். பரீட்சையில் இத்துணைத் தெளிவாக எழுதுவானோ யாம் அறியோம்.

அன்றிரவு தங்கை வந்தாள்.

"அண்ணை, நீங்கள் சொன்னால்தான் கேட்பான். ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. பாலத்திலை இளம் பிள்ளையள் ஓடுற ஓட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை."

இருபது ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பித்து வரும் நாம், காரணங் கூறாமல் 'ஏலாது' என்று எவ்வாறு கூறுவது? பிள்ளை வாய் மூடுவான், மனம் மூடான். ஆகவே, இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்வது என்று முடிவு செய்தோம்.

தந்தையாரின் காலத்திலிருந்து அவ்வண்டியைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக் ஒருவர், சிலிண்டரைக் கழற்றி விரலை உள்ளே விட்டுத் தடவினார். "மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின் தம்பி" என்றார். மருமகன் நகைத்தான். நாம் நகைக்கவில்லை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டிலே பெற்றோல் மருந்தாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; எனவே காபரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை எழும், எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். உராய்வு கூடிச் சிலிண்டர் தேயும். இந்தக் காரணங்களையெல்லாம் நாம் பின்னரே கற்றோம். அக்காலத்தில் நாம் அறிந்தது, மாதம் ஒருமுறை தந்தையார் எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டுகையில் ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றே.

1991இல் ஊரைவிட்டு நீங்கிய நாம் சண்டிலிப்பாயில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தோம். மறு ஆண்டு ஓர் இரவு தங்கைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்புக் கண்டது. அவளுக்கு வயது ஒன்பது, எமக்குப் பன்னிரண்டு. தந்தையார் அவளைத் தமக்கும் எமக்கும் நடுவே இருத்திப் பெரியாசுப்பத்திரிக்குப் புறப்பட்டார். வழியில் எஞ்சின் நின்றது. கண்ணுக்கு மருந்து விடும் சிறு குப்பியிலே அவர் சேமித்து வைத்த பெற்றோல் இருந்தது. இரு துளி விட்டு உதைத்தார், ஓடவில்லை. மீண்டும் விட்டார், ஓடவில்லை. குப்பியில் எஞ்சியதை முழுவதும் விட்டு உதைத்தபோது எஞ்சின் உயிர் பெற்றது. அவ்வளவுதான் இருந்தது. அதன்பின் ஆசுப்பத்திரி வாசல்வரை அவர் எஞ்சினை நிற்க விடவேயில்லை.

இதனை மருமகனிடம் கராஜில் வைத்துக் கூறினோம். அவன் தாய் இதுகாறும் கூறியிருக்கவில்லை போலும்.

பின்னர்க் கணக்கிற்கு வந்தோம். சீ 50 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 39 மில்லிமீற்றர்; பிஸ்டன் ஓடும் தூரம் 41.4 மில்லிமீற்றர். கொள்ளளவு 49 சி.சி.யைச் சற்றுக் கடக்கும். சீ 70 எஞ்சினிலும் ஓடும் தூரம் அதே 41.4, விட்டம் மட்டும் 47. கொள்ளளவு ஏறத்தாழ 72. விட்டத்தில் எட்டு மில்லிமீற்றர் கூட்டக் கொள்ளளவு நூற்றுக்கு நாற்பத்தைந்து கூடுகிறது. விட்டத்தின் வர்க்கம் செய்யும் வேலை அது. எப்படியும் தேய்ந்த சிலிண்டரை மாற்றியே ஆகவேண்டும். அவ்விடத்தில் எழுபதின் சிலிண்டர், பிஸ்டன், தலை ஆகியவற்றைப் பூட்டிக் காபரேற்றரின் ஜெற்றையும் மாற்றினால், அடிப்பெட்டி பழையதாகவே இருக்கும். எஞ்சின் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பது அடிப்பெட்டியில். புதிய 125 வேறோர் இலக்கத்துடன் வரும். பதிவுப் புத்தகம் ஒன்று சொல்ல வண்டி மற்றொன்று சொல்லும். எழுபதுக்கும் கொள்ளளவு மாற்றத்தைப் பதிய வேண்டியதுதான். ஆயினும் வண்டியின் அடையாளம் கெடாது. தவிரவும் பழைய மின்னமைப்பு ஆறு வோல்ற்று. புதியதற்குப் பன்னிரண்டு வேண்டும்.

"பாரமேத்த எழுபது காணும். ஓடிக் காட்டத்தான் நூற்றிருபத்தைஞ்சு" என்றார் மெக்கானிக். எமது கணக்கைவிட அவர் வாக்கே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மருமகன் எளிதில் விடவில்லை. "சட்டம் தாங்கும் மாமா" என்றான். சட்டம் தாங்கும், பிறேக் தாங்குமா என்று கேட்டோம். மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்த வேண்டிய ஆற்றலைப்போல் நான்கு மடங்கு எண்பதிலே வேண்டும். சிறு வண்டிக்கென்று செய்த பழைய டிறம் பிறேக் நான்கு மடங்கு பெரிதாகிவிடுமா? அவன் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். விடை மாறவில்லை. முகம் மாறிற்று. இரண்டு நாள் எம்முடன் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, எழுபது பூட்டும்போது பிறேக் சூக்களையும் புதிதாகப் போடலாமா என்று கேட்டான்.

வேலை முடிந்த மாலையில் பின்னாசனத்தில் நாம் அமர, மருமகன் பொன்னாலைப் பாலத்தில் ஓட்டினான். சோழகம் பலமாக அடித்தது. மூன்றாம் கியரை இரண்டாவதாகக் குறைக்க நேர்ந்தது உண்மை. ஆனால் வண்டி திணறவில்லை. சிலிண்டர் புதிது, ஐந்நூறு கிலோமீற்றர்வரை விரட்டக்கூடாது என்று மெக்கானிக் விதித்திருந்தார். பக்கத்தால் மினிபஸ் ஒன்று ஒலியெழுப்பி முந்திச் சென்றது. அவன் கை சற்றே முறுக்கிப் பின் தளர்ந்ததை நாம் கண்டோம். காணாதவர்போல் கடலைப் பார்த்தோம்.

தங்கை படலையில் நின்றாள். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தவள், ஆயுதப் பெட்டியைத் திறந்தாள். திருப்புளிக்கும் பழைய பிளக்குக்கும் நடுவே அந்தக் கண்மருந்துக் குப்பி மஞ்சளேறிக் கிடந்தது.

"இதுக்குள்ளை இப்ப என்னத்தை அம்மா விடுறது?" என்றான் மகன்.

அவள் மறுமொழி கூறவில்லை. சேலைத் தலைப்பால் குப்பியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினாள். பின்னர், நாளைக் காலை தன்னைச் சந்தைவரை ஏற்றிச் செல்ல இயலுமா என்று மகனிடம் வினவினாள்.