காசிமேட்டில் ஏரோப்ளேன் கட்டலாமா?

ராயபுரம் கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் காசிமேடு. போர்டு, அம்புக்குறி எதுவும் வேண்டாம். மூக்கு போதும்.

நான் போனது வஞ்சிரம் வாங்க அல்ல. ஏரோப்ளேன் கட்ட முடியுமா என்று பார்க்க!

அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். இங்கே ஃபைபர் படகு கட்டுகிறார்கள். அச்சில் கண்ணாடி இழையை விரித்து, ரெசினைத் தடவி, ரோலரால் காற்றுக் குமிழிகளை நசுக்கி... அமெரிக்காவில் பர்ட் ரூட்டான் என்பவர் 1970களில் இதே இழை, ரெசின் வகையறாவை வைத்துத்தான் வீட்டு ஷெட்டிலேயே விமானம் கட்ட பிளான் விற்றார். லேசான ஃபோமைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்து, மேலே இழைத்துணியை ஒட்ட வேண்டியது. அச்சுகூட வேண்டாம். அவர் வடிவமைத்த 'வாயேஜர்' 1986-ல் எங்கும் இறங்காமல், நடுவில் பெட்ரோலும் போடாமல், ஒன்பது நாளில் உலகத்தையே சுற்றி வந்தது.

"இன்னா சார், ரொம்ப நேரமா பாத்துக்கினே கீற... போட்டு வேணுமா?" என்றார், ரோலரும் கையுமாக நின்ற பெரியவர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இன்ஜின்?" என்றார். தொழில்காரர்!

இன்ஜினுக்கா பஞ்சம்? வடக்கே போனால் திருவொற்றியூரில் புல்லட் தயாரித்த என்ஃபீல்டு தொழிற்சாலை. இன்னும் போனால் எண்ணூரில் லேலண்டு. 1923-ல் இங்கிலாந்தில் நடந்த குட்டி விமானப் போட்டியில் 'ரென்' என்ற ஒற்றை ஆள் விமானம் 398 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினில் பறந்தது. ஒரு காலனுக்கு 87.5 மைல். அதாவது லிட்டருக்கு 31 கிலோமீட்டர். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புல்லட்டோடு மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் இங்கே ஒரு பெருமூச்சு விடலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று ஒதுக்க முடியாது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் 1910-லேயே சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட முடியவில்லை. குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி அதைக் கட்டிக் கொடுத்தது. பல்லாவரத்தில் வெள்ளோட்டம். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். மற்ற ஹோட்டல்காரர்கள் ஆம்லெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இவர் தன்னையே தூக்கிப் போட்டுக்கொண்டார்!

பெரியவர் ரோலரைக் கீழே வைத்தார். "எல்லாம் சரி சார். கடல்ல மிசின் நின்னா நங்கூரம் போடுவேன். பக்கத்து போட்டுக்காரன் கயிறு கட்டி இஸ்துக்கினு வந்துடுவான். மேல நின்னுச்சுன்னா?"

சரியான கேள்வி. 1930களில் பிரான்சில் ஆன்ரி மின்யே என்பவர், சாமான் பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் கட்டலாம் என்றார். அவருடைய 'பறக்கும் பேன்' விமானத்தை ஐரோப்பா முழுக்க ஆசை ஆசையாகக் கட்டினார்கள். பலர் விழுந்து செத்தார்கள். 1936-ல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன் இறக்கையும் பின் இறக்கையும் ரொம்ப நெருக்கம். மூக்கு ஒரு அளவுக்கு மேல் கவிழ்ந்தால், ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. தச்சு வேலையில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

"படகுல டவுட்டு வந்தா இன்னொரு கோட்டிங் அடிச்சுடுவேன்" என்றார் பெரியவர்.

விமானத்தில் அது முடியாது. கூடுகிற ஒவ்வொரு கிலோவையும் இறக்கைதான் சுமக்க வேண்டும்.

அதனால்தான் அரசாங்க அனுமதி. மும்பையில் பைலட் அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் கட்டினார். 2011-லிருந்து அலைந்தவருக்கு 2017-ல்தான் பதிவு எண் கிடைத்தது. கேரளாவில் இடுக்கி சஜி தாமஸுக்குக் காது கேட்காது, பேச வராது. அவர் கட்டிய குட்டி விமானம் 2014-ல் நம் மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டிக் காட்டியவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. சஜிக்குக் கிடைத்த மாதிரி, 'கொண்டா, பார்க்கலாம்' என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். ஃபைலை மூடி வைக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். திறந்து பார்த்துத் தப்பைத் திருத்தத்தான் பஞ்சம்.

"ஃபைபர் வேலைய நான் பாத்துக்கறேன். கணக்கு நீ போடுறியா?" என்றார் பெரியவர்.

நான் பி.காம். என் கணக்கில் பேலன்ஸ் ஷீட் நிற்கும், இறக்கை நிற்காது. உண்மையைச் சொன்னேன்.

"அப்ப கணக்கு தெரிஞ்சவனா ஒருத்தன இட்டுக்கினு வா" என்று மறுபடி ரோலரைக் கையில் எடுத்தார். நாலடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து குரல்:

"சார்! ரெடியானா எனக்கும் ஒரு சீட்டு. ஆனா மொத ட்ரிப்புல நான் வரமாட்டேன்... நீ போய்ட்டு வா!"